பிரிண்டரின் பின்பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள்

புதுப் பிரிண்டரோ ஸ்கேனரோ வாங்க யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். மை என்ன விலை, எத்தனை நிறம், ஏ3 அடிக்குமா, எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி). எல்லாம் தேவையான கேள்விகள். ஆனால் அந்த மெசினைக் கணினியோடு எதனால் இணைக்கப் போகிறோம், வயரா வைஃபையா, எந்த வயர், எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் குறைவு. நான் திருகோணமலையில் ஸ்ரூடியோ வேலையும், பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். பழக்கத்துக்காகப் பக்கத்துக் கடைகளின் மெசின்களையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. "பிரிண்டர் பழுதாப் போச்சு" என்று கூப்பிடும் இடங்களில் பல தடவை பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும். கணினிக்கும் அதற்கும் இடையில் இருக்கும் வழியில்தான் சிக்கல் இருக்கும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனருக்கு யூஎஸ்பி வயர், வேறு பேச்சில்லை. காசுக்குப் படம் அடிக்கும் பிரிண்டருக்கும் யூஎஸ்பி. கடையில் இரண்டு மூன்று கணினி இருந்தால் ரவுட்டரோடு இணைக்கும் லேன் வயர். வைஃபை, வாடிக்கையாளர் கைப்பேசியில் கொண்டுவரும் படங்களுக்கும் வெளியிடத்து வேலைக்கும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கேனரில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் எங்கள் ஊரில் அதுதான் மிகக் கவனம் கேட்கும் வேலை. இங்கே பல குடும்பங்களிடம் அல்பம் என்று ஒன்று இல்லை. சிலருடையது இடம்பெயர்ந்தபோது போனது, சிலருடையதை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. மிஞ்சியது ஒன்றோ இரண்டோ படம், அதுவும் ஓரம் கரைந்து, பூஞ்சை பிடித்து. அப்படிப்பட்ட ஒரு படத்தை ஸ்கேன் செய்யும்போது "சுமாராக வந்தால் போதும்" என்று இருக்க முடியாது. அடுத்த வருசம் அந்தப் படம் இன்னும் மங்கித்தான் இருக்கும்.

மூதூரிலிருந்து ஒரு அம்மா தன் கலியாணப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்தார். ஈரம் பட்டுப் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. "தம்பி, இதைக் கழட்டாமல் எடுக்கேலுமோ?" என்று கேட்டார். கழற்றவே கூடாது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பக்கத்து அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தேன். முதலில் மேசையில் இருந்த மெல்லிய ஸ்கேனரில் எடுத்துப் பார்த்தோம். ஒற்றை யூஎஸ்பி வயரிலேயே கரண்டும் எடுத்து வேலை செய்யும் வகை அது. வந்த படத்தில் இரண்டு முகமும் குழைந்து கிடந்தது. பிறகு பெரிய ஸ்கேனரில், அதே படம், அதே டிபிஐ. கூறைச்சேலையின் கரையில் ஓடும் சரிகைக் கோடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த அம்மா திரையைப் பார்த்து, "இது என்ரை அம்மா கட்டிவிட்ட கொண்டை" என்று கையால் தொட்டுக் காட்டினார்.

இரண்டு மெசினுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் வயரைப் பார்த்தே சொல்லலாம். யூஎஸ்பி 2.0 துவாரம் கொடுக்கும் கரண்ட் 500 மில்லிஆம்பியர்தான். அதற்குள் வேலை செய்ய வேண்டும் என்றால் சிஐஎஸ் என்ற வகைச் சென்சாரையும் சின்ன எல்ஈடி விளக்கையும்தான் போட முடியும். எப்சன் வி39, கெனன் லைட் 400 எல்லாம் இந்த வகை. கண்ணாடியில் அழுத்தமாகப் படிந்த படத்தை இவை அழகாக எடுக்கும். படம் இரண்டு மில்லிமீற்றர் மேலே நின்றால் போதும், மங்கிவிடும். தனியாகக் கரண்ட் வயர் போகும் எப்சன் வி600 போன்றவற்றில் இருப்பது சிசிடி சென்சாரும் வில்லைகளும். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பதையும் அவை தெளிவாக எடுக்கும். அதனால் ஒரே வயர் என்பதை வசதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பது வளைந்த படமா, சட்டத்தில் ஒட்டிய படமா, நெகட்டிவ்வா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடையில் ஒரு சின்னக் குறிப்பு: கண்ணாடி மேல் கண்ணாடி நேராகப் பட்டால் வானவில் வளையங்கள் விழும். நான்கு மூலையிலும் மெல்லிய காட்போட் துண்டு வைத்தால் அது போய்விடும்.

அடுத்தது வேகம். இங்கேதான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒரு 4×6 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில், 48 பிட் நிறத்தில் எடுத்தால் ஏறக்குறைய 207 எம்பி வரும். யூஎஸ்பி 2.0 பேச்சுக்குச் செக்கனுக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் செக்கனுக்கு 30, 40 எம்பி போகும். அதாவது அந்த 207 எம்பி ஆறேழு செக்கனில் போய்விடும். ஸ்கேனரின் விளக்கு அந்தப் படத்தைக் கடந்து முடிக்க அதைவிட அதிக நேரம் எடுக்கும். மெசின்தான் மெதுவே தவிர வயர் மெதுவில்லை. ஆகவே "இது பழைய யூஎஸ்பி 2.0, 3.0 இருந்தால்தான் வாங்குவேன்" என்று நல்ல ஸ்கேனரைத் தள்ளிவிடாதீர்கள். 3.0இன் நீலநிறத் துவாரத்தில் செருகினாலும் 2.0 ஸ்கேனர் 2.0 வேகத்தில்தான் ஓடும். சில பழைய ஸ்கேனர்களை நீலத் துவாரத்தில் கணினி கண்டுபிடிக்கவே மாட்டாது. 2.0இன் கறுப்புத் துவாரத்துக்கு மாற்றினால் உடனே வரும்.

அதே 207 எம்பியை பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த ஒரு ஆல்-இன்-வன் மெசினில் வைஃபையால் எடுத்துப் பாருங்கள். கடைத்தெருவில், பத்துப் பதினைந்து ரவுட்டர்களுக்கு நடுவில், 2.4 கிகாஹெர்ட்ஸில் செக்கனுக்கு 3 எம்பி கிடைத்தாலே நல்லது. ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்கும். இழுப்பதுகூடப் பரவாயில்லை. மெசினின் நினைவகம் நிரம்பியதும் விளக்கு நின்று, கொஞ்சம் பின்னுக்கு வந்து, திரும்பவும் போகும். நின்ற இடத்தில் சில வேளை மயிரிழை அளவு படி விழும். கோடில்லாத வானத்திலோ சுவரிலோ விழுந்தால் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது, முகத்தில் விழுந்தால் தெரியும். இதைவிட இன்னொன்று: வைஃபையால் எடுக்கும்போது சில மெசின்கள் உயர்ந்த டிபிஐயைக் காட்டாமலே விட்டுவிடும், கைப்பேசிச் செயலி என்றால் பெரும்பாலும் அமுக்கிய ஜேபெக்தான் தரும். அடையாள அட்டைப் பிரதி எடுக்க அது போதும். திருத்த வேண்டிய பழைய படத்துக்குப் போதாது.

சரி, யூஎஸ்பி என்று முடிவெடுத்தாயிற்று. அதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. 2.0 வயர் 5 மீற்றரைத் தாண்டக் கூடாது. கடைகளில் 10 மீற்றர் வயரும் விற்கிறார்கள்தான். நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் பகுதி இல்லாத வெறும் வயர் என்றால் வாங்காதீர்கள். நான் ஸ்கேனருக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் போடுவதில்லை. கணினிப் பெட்டியின் முன்பக்கத் துவாரத்தில் செருகுவதும் நல்லதல்ல, உள்ளே போகும் வயர் மெல்லியது. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துவாரம்தான் நல்லது. தனிக் கரண்ட் இல்லாத ஹப்பில் மவுஸ், பென்டிரைவ், ஸ்கேனர் மூன்றும் தொங்கினால் 500 மில்லிஆம்பியரை எல்லாம் பங்குபோட வேண்டும். ஸ்கேனர் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். கிண்ணியாவில் ஒரு கொமினிகேசன் கடையில் இப்படிக் கரண்ட் போதாமல் நின்ற ஸ்கேனரைப் பழுது என்று ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹப்பை எடுத்துவிட்டுப் பின்பக்கம் செருகியதோடு வேலை முடிந்தது.

பழைய மெசின்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூஎஸ்பி வருமுன் பிரிண்டர்கள் பாரலல் துவாரத்தில் ஓடின. கணினிப் பக்கம் 25 ஊசி, பிரிண்டர் பக்கம் 36 தொடுகை உள்ள பருத்த வயர். நல்ல ஸ்கேனர்கள் ஸ்கஸி என்ற இணைப்பில் வந்தன, ஒன்றோடொன்று கோத்த கருவிச் சங்கிலியின் கடைசியில் ஒரு டெர்மினேட்டர் போடாவிட்டால் அசையவே மாட்டாது. பிறகு சில நெகட்டிவ் ஸ்கேனர்கள் ஃபயர்வயர் என்ற இன்னொரு இணைப்பில் வந்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய இப்படியான ஸ்கேனர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், யூஎஸ்பியிலிருந்து பாரலலுக்கு மாற்றும் வயரை வாங்கிவிடாதீர்கள். அது பிரிண்டரை ஓட்டும். பாரலல் ஸ்கேனரை ஓட்டாது, ஏனென்றால் கணினி அந்த வயரைப் பிரிண்டராக மட்டுமே பார்க்கும். பழைய மெசினில் யூஎஸ்பி இருந்து, கணினியில் அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் மட்டும் புது விண்டோஸுக்கு இல்லை என்றால் அதற்கு வழி உண்டு. வியூஸ்கேன் என்ற மென்பொருள் நிறையப் பழைய ஸ்கேனர்களை ஓட்டும். லினக்ஸில் அதே வேலைக்குச் சேன் என்ற மென்பொருள் இருக்கிறது.

இனிப் பிரிண்டருக்கு வருவோம். ஸ்கேனரில் தரவு நம்மிடம் வருகிறது, இங்கே நாம் அனுப்புகிறோம், அதுவும் குறைவாகத்தான். 4×6 படம் 360 டிபிஐயில் 10 எம்பிக்கும் குறைவு. மைப் பிரிண்டர் அதை அடித்து முடிக்க எடுக்கும் நேரத்துக்குள் மோசமான வைஃபையும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனவே வேகத்துக்காக யூஎஸ்பி என்று நான் சொல்லவில்லை. இடையில் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். படத்தின் நடுவில் தரவு தடைப்பட்டால் மைப் பிரிண்டரின் தலை அந்த இடத்தில் காத்து நிற்கும். அதற்குள் முன்னர் விழுந்த மை கொஞ்சம் காய்ந்துவிடும், திரும்பத் தொடங்கும் இடத்தில் மெல்லிய பட்டையாகத் தெரியும். பெரிய ஏ3 படத்தில், கடற்கரை வானம் போன்ற வெறும் நீலத்தில், அது அப்படியே கண்ணைக் குத்தும். ரிபனைச் சூடாக்கி நிறத்தைத் தாளில் ஏற்றும் டைசப் பிரிண்டரில் பாதியில் நின்றால் அந்தத் தாளும் ரிபனில் அந்தப் பகுதியும் போய்விடும். ரிபனை இவ்வளவு படம் என்று எண்ணித்தான் வாங்குகிறோம். டிஎன்பி ஆர்எக்ஸ்1 போன்ற ஸ்ரூடியோ டைசப் மெசின்களை யூஎஸ்பியோடு மட்டும் செய்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எப்சன் எல்1800இலும் யூஎஸ்பி மட்டும்தான். எல்805இல் வைஃபையும் உண்டு.

யூஎஸ்பிப் பிரிண்டரில் வழக்கமாக வரும் ஒரு தொல்லை: மேசையைத் துடைக்க வயரைக் கழற்றுவோம், பிறகு வேறு துவாரத்தில் செருகுவோம். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, அதே பெயரில் 'கொப்பி 1' என்று இன்னொன்றை உண்டாக்கும். நாம் பழைய பெயருக்கு அனுப்புவோம், அது ஆஃப்லைன் என்று காட்டும். நான் துவாரத்திலும் வயர் நுனியிலும் ஒரே நிற டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கடையில் நிற்கும் பெடியன்கள் யார் மாற்றிச் செருகினாலும் குழப்பம் வராது. புது மெசின் என்றால் டிரைவரை முதலில் போட்டுவிட்டு, அது கேட்கும்போது வயரைச் செருகுங்கள். இன்னொன்று, பல பிரிண்டர்களின் பெட்டிக்குள் யூஎஸ்பி வயர் வருவதில்லை. கொழும்பில் யூனிட்டி பிளாசாவில் மெசினை வாங்கி, இரவு பஸ்ஸில் ஏற்றி, இங்கே வந்து பெட்டியைத் திறந்த பிறகு வயர் தேடி அலையாமல், அங்கேயே பார்த்து வாங்குங்கள். பிரிண்டர் பக்கத்து நுனி சதுரமாக இருக்கும் பி வகைதான் அநேகமானவற்றில். சின்ன ஸ்கேனர்களில் மைக்ரோ-பியும் டைப்-சியும் வரும். இவற்றில் சதுரம்தான் நீண்டகாலம் உழைக்கும். மைக்ரோ-பி கொஞ்சம் கடுமையாக இழுத்தாலே ஆட்டம் காணும்.

"வைஃபையில அடிச்சால் நிறம் மங்குது அண்ணை" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வைஃபைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. கணினியில் அந்தக் கம்பனியின் முழு டிரைவரைப் போட்டு வைஃபையால் அனுப்பினால் யூஎஸ்பியில் வரும் அதே நிறம்தான் வரும். ஆனால் வைஃபைப் பிரிண்டரைச் சேர்க்கும்போது விண்டோஸ் தானாகவே ஒரு பொது டிரைவரைப் போட்டுவிடும். கைப்பேசியிலிருந்து அனுப்பினாலும் அதே கதைதான். அதில் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க இடமில்லை, தாளுக்கேற்ற நிற அளவுகளைச் சொல்லும் புரொபைல் இல்லை. பளபளப்புத் தாளுக்குச் சாதாரணத் தாளின் மை அளவைப் போட்டால் நிறம் எப்படி வரும்? பிரிண்டர் பட்டியலில் உள்ளதை அழித்துவிட்டு, கம்பனியின் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். நல்ல தாளையும் மையையும் மாற்றி மாற்றிச் செலவழித்தவர்கள் இந்த ஒரு மாற்றத்தோடு நின்றிருக்கிறார்கள்.

வைஃபை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. படப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் பிடிப்பவை. புது ரவுட்டர்கள் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் தருவதால் முதல்முறை இணைக்கும்போது தடுமாறும். அந்த நேரத்துக்கு மட்டும் 5ஐ அணைத்துவிட்டுச் சேர்த்தால் சரி. ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் சேராது, டபிள்யூபிஏ2வையும் விடுங்கள். இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் திரும்ப எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடலாம். கணினி பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். "காலமை ஓடினது, கரண்ட் வந்த பிறகு ஆஃப்லைன்" என்ற முறைப்பாடு அத்தோடு நின்றுவிடும். இணையச் சேவையை மாற்றிப் புது ரவுட்டர் எடுத்தால், பழைய வைஃபைப் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் அப்படியே புதியதில் போட்டுவிடுங்கள். பிரிண்டர் தானாகவே வந்து சேரும். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை வைஃபை டொங்கிளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 3.0இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், டிஸ்க்கில் படம் கொப்பியாகும்போது பிரிண்டர் துண்டித்துப் போகும்.

தம்பலகாமத்திலிருந்து வரும் ஒரு அக்கா, சின்னக் கடை நடத்துபவர், "டேட்டா முடிஞ்சிட்டுது, இனி பிரிண்ட் வராதோ?" என்று கேட்டார். வரும். கணினியிலிருந்து ரவுட்டர் வழியாகப் பிரிண்டருக்குப் போகும் படம் வீட்டுக்குள்ளேயே போய் வருகிறது, ஒரு எம்பியும் செலவாகாது. இணையமே இல்லாத ரவுட்டரிலும் அது ஓடும். இதைத்தான் நான் வெளியிட வேலைக்குப் பயன்படுத்துகிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் கலியாணம், பிறந்தநாள் என்றால் உடனே படம் அடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். ஹோட்டல் வைஃபையை நம்பிப் போகக் கூடாது. அதில் ஒரு கருவி மற்றதைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர், அல்லது ரவுட்டர் இல்லாமல் நேராக இணைக்க, பிரிண்டரிலேயே உள்ள வைஃபை டைரக்ட். கெனன் செல்ஃபி போன்ற சின்ன டைசப் பிரிண்டர் என்றால் ரவுட்டரே வேண்டாம். ஆனால் கோணேசர் கோயில் திருவிழாக் காலம் போலச் சனம் நெருக்கி நிற்கும் இடத்தில், ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. அங்கே கமராவின் கார்ட்டை எடுத்துப் பிரிண்டரில் செருகுவதுதான் வேகம்.

லேன் வயரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, ஏனென்றால் அது நன்றாக ஓடும். 100 மீற்றர் வரை போகும், கேட் 5ஈ போதும், இரண்டு கணினியும் ஒரே பிரிண்டரை எந்த நேரமும் எடுக்கலாம். எப்சன் பி700 போன்ற படப் பிரிண்டர்களில் அந்தத் துவாரம் இருக்கிறது, விலை குறைந்தவற்றில் இராது. யூஎஸ்பி மட்டும் உள்ளதை ஒரு கணினி வழியாகப் பகிரலாம், அந்தக் கணினி எப்போதும் ஓன் ஆக இருக்க வேண்டும் என்பதுதான் குறை.

ஆனால் எங்கள் பக்கத்தில் லேனுக்கு ஒரு ஆபத்து உண்டு, அது இடி. ஐப்பசியில் பின்னேரத்து மழை தொடங்கியதும் கரண்ட் பிளக்கைக் கழற்றுவது எல்லோருக்கும் பழக்கம். டெலிபோன் வயரைக் கழற்றுவது பலருக்குப் பழக்கமில்லை. செம்பு வயரில் வரும் இடி ரவுட்டருக்குள் போய், அங்கிருந்து லேன் வயர் பிடித்து, பிரிண்டரின் நெட்வேர்க் பகுதிக்கு வந்துவிடும். நிலாவெளி வீதியில் நண்பர் ஒருவரின் கடையில் அப்படித்தான் ஒரு மாலையில் ரவுட்டரும், கணினியின் லேன் துவாரமும், பிரிண்டரின் லேன் துவாரமும் ஒன்றாகப் போயின. பிரிண்டர் இன்றைக்கும் யூஎஸ்பியில் அடிக்கிறது. ஃபைபர் இணைப்பு என்றால் அந்த வயரால் இடி வராது, ஆனால் அதன் அடப்டர் வழியாக வரலாம். மழை இருட்டினால் டெலிபோன் வயர், ரவுட்டர் பிளக், பிரிண்டர் பிளக் மூன்றும் கழற்ற வேண்டும்.

மற்றது உப்புக்காற்று. டச்பேப் பக்கம் கடலைப் பார்த்த கடைகளில் பாவிக்காமல் விட்ட யூஎஸ்பித் துவாரத்தின் உறை ஒரு வருசத்திலேயே துருப்பிடித்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் தூசியும் சேரும். வயர் செருகியே இருக்கும் துவாரம் நீண்டநாள் நல்லாயிருக்கும். சும்மா இருப்பவற்றுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடலாம். பச்சை பிடித்திருந்தால் மெசினின் கரண்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையில் ஐசோபுரோப்பில் அல்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு செருகுங்கள். வயர் நுனி துருப்பிடித்திருந்தால் துடைத்துக்கொண்டிராமல் வயரையே மாற்றிவிடுங்கள். அந்த நுனியைத் திரும்பத் திரும்பச் செருகினால் துரு மெசினின் துவாரத்துக்குள்ளும் போகும், அதைத் திருத்த மதர்போர்டைக் கழற்ற வேண்டி வரும்.